ஒற்றைக் காற்செருப்புக் கதை

ஜப்பானியரைப் பற்றி நம் நாட்டில் ஒரு கதை நெடுநாளாக உலவி வருகிறது. பள்ளி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் அதைச் சொல்கிறார். பட்டிமன்ற நடுவர் சொல்கிறார். தொழிற்சாலைப் பயிற்சி வகுப்பில் கழுத்துப்பட்டி அணிந்த பேச்சாளர் சொல்கிறார். கதை இதுதான்:

ஜப்பானில் ஒரு செருப்புத் தொழிற்சாலை. தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் பிணக்கு. நம்மவராக இருந்தால் வாயிலில் கொடி நட்டுக் கோஷம் எழுப்பியிருப்பார்கள். அவர்களோ கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு, வழக்கத்தினும் விரைவாக வேலை செய்தார்கள். ஆனால் ஒரு காலுக்குரிய செருப்பை மட்டுமே செய்து குவித்தார்கள். கோரிக்கை நிறைவேறியதும் மறு காலுக்குரியதைச் செய்து முடித்தார்கள். ஒரு மணி நேர உழைப்பும் வீணாகவில்லை, நாட்டுக்கும் நட்டமில்லை. "இதுவன்றோ தேசபக்தி!" என்று பேச்சாளர் நிறுத்துவார். அவை கைதட்டும்.

நான் இக்கதையை முதன்முதலாகக் கேட்டது திருவொற்றியூரில், நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் பயிற்சிக் கூடத்தில். சுவரில் செய்ரி, செய்தோன், செய்சோ, செய்கெத்சு, ஷித்சுகே என்ற ஐந்து ஜப்பானியச் சொற்கள் தமிழெழுத்தில் ஒட்டப்பட்டிருந்தன. வேண்டாததை நீக்கு, வேண்டியதை ஒழுங்காக வை, துப்புரவு செய், அந்நிலையைக் காத்திரு, ஒழுக்கத்தைப் பழக்கமாக்கு என்பது அவற்றின் பொருள். குற்றம் சொல்ல அவற்றில் ஒன்றுமில்லை. அவற்றை விளக்கிய பின்னரே செருப்புக் கதை வந்தது. அனைவரும் கைதட்டினோம், நானும் தட்டினேன். வெளியே வரும்போது, ஒப்பந்தத் தொழிலாளராக வேலை பார்த்த ஒரு நண்பர் என் தோளைத் தொட்டார். இரும்புத் தகடு சுமக்கும் வேலை அவருக்கு. காலில் ரப்பர் செருப்பு. பாதுகாப்புக் காலணி நிரந்தரத் தொழிலாளருக்கு மட்டுமே வழங்கப்பட்டு வந்தது.

"பாய், அவங்க ஒரு கால் செருப்ப மட்டும் செஞ்சாங்கன்னு சொல்றாரு. நமக்கு ரெண்டு காலுக்குமே இல்லியே, அத எங்க போயி கேக்கறது?" என்றார் அவர்.

அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. இக்கட்டுரை அவருக்கு நான் பட்டிருக்கும் கடன்.

முதலில் ஒன்றை ஐயந்திரிபறச் சொல்லிவிட வேண்டும். அந்தச் செருப்புத் தொழிற்சாலை எந்த ஊரில் இருந்தது, எந்த ஆண்டில் அது நிகழ்ந்தது என்று கதை சொல்பவர் எவரும் கூறுவதில்லை. கூற இயலாது, அது கட்டுக்கதை. ஜப்பானியத் தொழிலாளரின் உண்மை வரலாற்றுக்கு ஊருண்டு, ஆண்டுண்டு, இரத்தமும் உண்டு.

போரில் தோற்ற ஜப்பானில் 1945 டிசம்பரில் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. 1947-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 28-ஆம் பிரிவு, தொழிலாளர் ஒன்று கூடவும் கூட்டாகப் பேரம் பேசவும் செயற்படவும் உரிமை வழங்கியது. 1949-இல் அந்நாட்டுத் தொழிலாளருள் பாதிக்கும் மேற்பட்டோர் சங்கத்தில் இருந்தனர். இன்று உலகமே புகழும் டொயோட்டா நிறுவனத்தில் 1950-இல் ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரும் போராட்டம் நடந்தது. ஏறத்தாழ 2,000 பேர் வேலையிழந்தனர். நிறுவனத் தலைவர் கீச்சிரோ டொயோடா பதவி விலகினார். 1953-இல் நிசான் தொழிற்சாலையில் வேலைநிறுத்தமும் கதவடைப்பும் மாதக்கணக்கில் நீடித்தன. 1960-இல் மீகே நிலக்கரிச் சுரங்கத்தில் 1,200-க்கும் மேற்பட்டோரை நீக்க நிர்வாகம் முனைந்தபோது மூண்ட போராட்டம் ஜனவரியிலிருந்து நவம்பர் வரை நடந்தது. மறியலில் நின்ற தொழிலாளி ஒருவர் அடியாட்களால் குத்திக் கொல்லப்பட்டார். 1975 நவம்பர் இறுதியில், வேலைநிறுத்த உரிமை மறுக்கப்பட்டிருந்த அரசு ரயில்வே ஊழியர்கள் அவ்வுரிமையைக் கேட்டே எட்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாடெங்கும் ரயில்கள் நின்றன. அண்மையில், 2023 ஆகஸ்ட் 31 அன்று, டோக்கியோவின் இகேபுகுரோ பகுதியிலுள்ள செய்பு பேரங்காடியின் ஊழியர்கள் ஒரு நாள் கடையை மூட வைத்தார்கள். ஜப்பானின் பெரிய பேரங்காடி ஒன்றில் வேலைநிறுத்தம் நடந்தது அறுபத்தோராண்டுகளுக்குப் பின் அதுவே முதல் முறை.

துறைமுகத்தை ஒட்டி வாழும் நமக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கொபாயாஷி தகிஜி என்ற எழுத்தாளர் 1929-இல் "கனிகோசென்" என்றொரு நாவல் எழுதினார். நண்டு பிடித்துத் தகரத்திலடைக்கும் கப்பல் ஒன்றின் தொழிலாளர் கொடுமை தாளாது கிளர்ந்தெழும் கதை அது. 1933-இல் அவரைப் பிடித்துச் சென்ற காவல்துறையினர் அன்றே சித்திரவதை செய்து கொன்றனர். 2008-இல் வேலை நிச்சயமற்ற ஜப்பானிய இளைஞர்கள் அந்நாவலை மீண்டும் இலட்சக்கணக்கில் வாங்கிப் படித்தார்கள். மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் ஜப்பானியன் தன் நாட்டைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை இது. நாம் அவனைப் பற்றிச் சொல்லும் கதையோ செருப்புக் கதை!

கறுப்புப் பட்டி முழுப் பொய்யா என்று கேட்கலாம். அதில் ஒரு துளி உண்மை உண்டு. வேலையை நிறுத்தாமல், கோரிக்கை எழுதிய பட்டியையோ நாடாவையோ அணிந்து பணியாற்றும் போராட்ட முறை ஜப்பானில் இருந்தது. அதற்கு நேர்ந்த கதியைத்தான் நம் பேச்சாளர்கள் சொல்வதில்லை. டோக்கியோவின் ஒகுரா ஓட்டல் ஊழியர்கள் வேலை நேரத்தில் நாடா அணிந்த வழக்கில், அது முறையான தொழிற்சங்க நடவடிக்கை ஆகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1982 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. நாம் பண்பாட்டின் சிகரமென்று போற்றும் பட்டியை ஜப்பானிய முதலாளியே பொறுத்துக்கொள்ளவில்லை.

அப்படியானால் இப்பொய் ஏன் சாகவில்லை? சொல்பவருக்கு அது பயன்படுகிறது; அதனால்தான். ஜப்பானை அறிய வேண்டும் என்ற ஆவலால் எழுந்ததன்று இக்கதை. நம் தொழிலாளியைக் குட்டுவதற்கு ஒரு கை தேவைப்பட்டது. அக்கைக்கு ஜப்பானியன் என்று பெயர் வைத்தார்கள்.

அயலார் ஒரு மக்களைப் புரிந்துகொள்வதில் நேரும் முதற்பிழை இது. இரண்டாம் பிழை இதனினும் நுட்பமானது. நல்லெண்ணம் உடையோரையும் அது பற்றிக்கொள்கிறது. "ஜப்பானியருக்கு ஒழுங்கு இரத்தத்திலேயே ஊறியது" என்பதே அது.

இந்த வடசென்னைக்கும் ஜப்பானுக்கும் உள்ள தொடர்பை எண்ணிப் பாருங்கள். 1942 ஏப்ரலில், ஜப்பானியப் படை கரையிறங்கப் போகிறதென்ற அச்சத்தில் சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டு ஓடினார்கள். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானமொன்று துறைமுகப் பகுதியில் குண்டு வீசிச் சென்றது. அதே ஆண்டுகளில் மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் சயாம்–பர்மா ரயில் பாதையில் பசியாலும் காலராவாலும் அடியாலும் மாண்டார்கள். சயாம் மரண ரயில் என்று அவர்கள் வழிவந்தோர் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். நாற்பதாண்டுகள் கழித்து, 1980களில், எண்ணூரில் ஆலை வைத்திருக்கும் அசோக் லேலண்டு நிறுவனம் ஜப்பானின் ஹினோ நிறுவனத்திடமிருந்து எஞ்சின் தொழில்நுட்பம் பெற்றது. 2010 முதல் ஒரகடத்தில் உருவான நிசான் கார்கள் எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து கப்பலேறின. சென்னை மெட்ரோ ரயிலின் முதற்கட்டத்துக்கு ஜப்பான் கடன் கொடுத்தது. அந்த ரயில் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டது.

ஒழுங்கு இரத்தத்தில் உள்ளதென்றால், சயாம் காட்டில் விழுந்த சவுக்கடியும் அதே இரத்தத்தில் உள்ளதா? "இல்லை, அது போர்க்கால அரசின் செயல், அம்மக்களின் இயல்பன்று" என்று நாம் நியாயமாகவே விடை சொல்வோம். கொடுமைக்குக் காலத்தையும் அரசையும் காரணம் காட்டுகிற நாம், நன்மைக்கு மட்டும் இரத்தத்தைக் காரணம் காட்டுவது எந்த நியாயம்? இரண்டும் கற்பிக்கப்பட்டவையே, இரண்டுக்கும் ஆசிரியருண்டு, ஆண்டுண்டு.

காலந்தவறாமையையே எடுத்துக்கொள்வோம். 1850களின் இறுதியில் நாகசாகியில் கடற்படைப் பயிற்சி அளித்த கட்டன்டைக்கே என்ற டச்சு அதிகாரி, ஜப்பானியர் சொன்ன நேரத்தில் எதையும் செய்வதில்லை என்று நொந்துகொண்டார். இதில் வியப்பில்லை. அக்கால ஜப்பானில் பகலை ஆறாகவும் இரவை ஆறாகவும் பகுத்தார்கள். கோடையில் பகற்பொழுதின் பகுதி நீளும், குளிரில் குறுகும். 1872-இல் ரயில் வந்தது. 1873-இல் மேலைநாட்டு நாட்காட்டியும் ஒரே அளவான மணிகளும் வந்தன. பள்ளி மணி, ஆலைச் சங்கு, படைமுகாம் மூன்றும் சேர்ந்து ஒரு தலைமுறையைப் பழக்கின. அப்படியும் போதாமல், நேரத்தின் அருமையை மக்களுக்கு உணர்த்த 1920-இல் ஜூன் 10-ஆம் நாளை "நேர நாள்" என்று அறிவிக்க வேண்டியிருந்தது. இரத்தத்தில் ஊறியதற்கு விழா எடுத்துப் பிரசாரம் செய்வார் உண்டோ?

பொருளின் தரமும் அவ்வாறே. ஜப்பானியச் சரக்கு என்றாலே மலிவுச் சரக்கு என்று உலகம் இகழ்ந்த காலமுண்டு. 1950-இல் டெமிங் என்ற அமெரிக்கரை அழைத்து, புள்ளியியல் வழியே தரத்தைக் காக்கும் முறையை அவர்கள் கற்றார்கள். அடுத்த ஆண்டே அவர் பெயரால் ஒரு விருதை நிறுவினார்கள். அவ்விருதை 1998-இல் பெற்ற முதல் இந்திய நிறுவனம், நம் பாடியிலிருக்கும் சுந்தரம் கிளேட்டன். அமெரிக்கரிடம் ஜப்பானியன் கற்றான். ஜப்பானியனிடம் பாடித் தொழிலாளி கற்றான். இதில் இரத்தம் எங்கே வந்தது?

அயலார் வழக்கங்களை அறிய விரும்புவோர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று என்பது என் கருத்து. இதை யார், எப்போது கற்பித்தார்? இதற்கு ஈடாக அவர்கள் பெறுவது என்ன? இதே போன்றது நம்மிடம் எந்தப் பெயரில் இருக்கிறது?

மூன்றாம் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். ஜப்பானியர் எது சொன்னாலும் "ஹாய், ஹாய்" என்று தலையாட்டிவிட்டுப் பின்னர் மறுத்துவிடுகிறார்கள், ஆகவே அவர்கள் வஞ்சகர் என்று வணிகர் சிலர் குறைகூறுவர். அந்தச் சொல்லுக்கு "ஆம்" என்ற பொருள் உண்டு. "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்ற பொருளும் உண்டு. பாட்டி கதை சொல்லும்போது பேரன் "உம்" கொட்டுகிறான். அரக்கன் அரசிளங்குமரியைத் தூக்கிச் சென்றதற்கு அவன் சம்மதம் தெரிவித்ததாகவா கொள்வது? உள்ளக் கருத்துக்கு "ஹொன்னே" என்றும், சபைக்குச் சொல்வதற்கு "தத்தெமாயே" என்றும் அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டு இரட்டை நாக்கு என்று முகஞ்சுளிப்போர், தம் வீட்டுச் சம்பந்தப் பேச்சுகளில் தாட்சண்யத்துக்காக எத்தனை முறை உள்ளத்தை மறைத்தார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு வீட்டினுள் நுழைவதை ஜப்பானிய அதிசயமாக ஐரோப்பியன் எழுதலாம். அதையே மொழிபெயர்த்து நாமும் வியப்பது நகைப்புக்குரியது.

இரண்டாம் கேள்விதான் கசப்பானது. ஜப்பானியப் பள்ளிகளில் பிள்ளைகளே வகுப்பறையைப் பெருக்கித் துடைக்கிறார்கள். உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி முடிந்ததும் அந்நாட்டு இரசிகர்கள் அரங்கின் குப்பையைப் பொறுக்கிய படத்தை நாம் எல்லோரும் பார்த்து நெகிழ்ந்தோம். நல்ல வழக்கம், ஐயமில்லை. ஆனால் அங்கே மருத்துவரின் மகனும் மீனவரின் மகளும் ஒரே துடைப்பத்தைப் பிடிக்கிறார்கள். அந்தச் சமநிலையே துப்புரவுக்கு மரியாதை தருகிறது. நம் ஊரில் பள்ளிக் கழிவறையைக் கழுவச் சொல்லப்பட்ட பிள்ளைகள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்பதை அவ்வப்போது செய்தித்தாள்கள் தெரிவிக்கின்றன. துடைப்பத்தை மட்டும் இறக்குமதி செய்து, சமத்துவத்தைத் துறைமுகத்திலேயே விட்டுவிடுவதற்கு ஜப்பானைப் பின்பற்றுதல் என்று பெயரில்லை.

ஆலைக்கும் இதே நியாயந்தான். ஜப்பானியத் தொழிலாளி நிறுவனத்தைத் தன் வீடாக எண்ணுகிறான் என்பார்கள். அவ்வெண்ணம் ஒரு பேரத்தின் விளைவு. நான் மேலே சொன்ன போராட்டங்களுக்குப் பிறகு, பெரிய நிறுவனங்கள் ஓய்வு பெறும் வயது வரை வேலையை உறுதி செய்தன. ஆண்டு ஏற ஏறச் சம்பளமும் ஏறியது. 1955-இல் தொடங்கிய "ஷுன்தோ" என்னும் இளவேனிற்காலக் கூட்டுப் பேரத்தால் ஊதிய உயர்வு கிடைத்து வந்தது. நாளை தன்னை வெளியே அனுப்பமாட்டார்கள் என்றறிந்தவன் ஆலையின் விளக்கை அணைத்துவிட்டுப் போவான். அங்கும் அப்பேரம் எல்லோருக்கும் கிட்டியதில்லை. இன்று அந்நாட்டு ஊழியர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் நிரந்தரமற்றவர்கள். மிகை உழைப்பால் நேரும் மரணத்துக்குக் "கரோஷி" என்று அவர்கள் மொழியிலேயே ஒரு சொல் பிறந்து, அதைத் தடுக்க 2014-இல் சட்டமும் செய்ய வேண்டியதாயிற்று. வேலை உறுதியின்றி, காலணியுமின்றி நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியிடம் ஜப்பானியனின் விசுவாசத்தைக் கேட்பது, விலை கொடாமல் சரக்கை எடுத்துச் செல்வதற்கு ஒப்பாகும்.

"இருக்கட்டும் ஐயா, கதை பொய்யே ஆயினும் நோக்கம் நல்லதல்லவா? நாலு பேர் உழைப்பை மதித்தால் நன்மைதானே?" என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். உழைப்பை மதிக்கச் சொல்லப் பொய் எதற்கு? இப்பொய் இரண்டு கேடுகளை விதைக்கிறது. நம் இளைஞனிடம், "நீ பிறவியிலேயே சோம்பேறி, அவன் பிறவியிலேயே உத்தமன்" என்று சொல்கிறது. உரிமை கேட்பது நாட்டுக்குச் செய்யும் துரோகம் என்றும் சொல்கிறது. இதைக் கேட்டுக்கொண்டிருப்பது எந்த மண் தெரியுமா? பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளருக்காக 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய மண். அதுவே இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம். 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினக் கொடி ஏற்றியது இந்நகரத்துக் கடற்கரையில். எட்டு மணி நேர வேலையையும் வார விடுமுறையையும் இன்று அனுபவிக்கும் பேச்சாளர், அவற்றை வாங்கித் தந்தவர்களை இகழ ஜப்பானியனைத் துணைக்கு அழைக்கிறார்.

நம் சமுதாய அன்பர்களுக்குத் தனியே ஒரு சொல். ஒரு மக்களை ஒரு துணுக்குக்குள் அடைப்பதன் வலி நமக்குப் புதிதன்று. எனக்கு ஆலையில் முப்பதாண்டுகளாக நண்பர்கள் உண்டு. பெருநாள் வந்தால் அவர்கள் கேட்பது பிரியாணி ஒன்றைத்தான். அன்பாகத்தான் கேட்டார்கள். ஆயினும் என் பாட்டனார் தமிழில் என்ன படித்தார், என் தாயார் எந்தத் தாலாட்டைப் பாடினார் என்று கேட்டவர் இருவரோ மூவரோதான். 1998-இல் "முத்து" திரைப்படம் ஜப்பானில் பெரு வெற்றி பெற்றது; அப்படத்தைக் கொண்டு தமிழரெல்லாம் துண்டைச் சுழற்றி ஆடுகிறவர் என்று ஜப்பானியன் முடிவு கட்டினால் நாம் சிரிப்போம். அவனுடைய ஒற்றைக் காற்செருப்பைப் பார்த்து நாம் கட்டிய முடிவு அதனினும் உயர்ந்ததா?

அயலாரை அறிய வேறு வழி உண்டென்பதற்குச் சான்று வேண்டின் கோபே நகருக்குச் செல்லலாம். அத்துறைமுகத்தில் 1935-இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலுக்கு, அங்கே வாணிபம் செய்த இந்திய முஸ்லிம்களும் பொருள் ஈந்தார்கள். அது 1945-இன் குண்டுவீச்சுக்கும் 1995-இன் நிலநடுக்கத்துக்கும் தப்பி நிற்கிறது. அந்த வணிகர்கள் தெருவில் கடை வைத்து, மொழி பயின்று, கடன் கொடுத்து, கடன் வாங்கி, அண்டை வீட்டாராக வாழ்ந்தார்கள். அண்டை வீட்டானிடம் நல்லவனும் உண்டு, கெட்டவனும் உண்டு, அலுத்தவனும் உண்டு என்பது உடன் வாழ்பவனுக்கே தெரியும். தொலைவிலிருந்து பார்ப்பவனுக்குத்தான் எல்லாரும் ஒரே முகமாகத் தெரிவார்கள்.

ஜப்பானியரிடம் கற்க வேண்டியவை பல. அவற்றுள் தலையாயது, அவர்கள் எவரிடமும் கற்கத் தயங்கவில்லை என்பதே. கற்றதற்கு விலையும் கொடுத்தார்கள். நாமும் கற்போம், ஐந்து சொற்களையும் சுவரில் எழுதுவோம். அச்சுவரின் கீழே நிற்பவனுக்கு வேலை உறுதியும் காற்காவலும் கொடுத்துவிட்டு எழுதுவோம்.

அடுத்த முறை எந்த மேடையிலேனும் செருப்புக் கதை தொடங்கினால், வாசகப் பெருமக்கள் கைதட்டுவதற்கு முன்னர் எழுந்து இரண்டே கேள்விகள் கேட்கும்படி வேண்டுகிறேன். எந்த ஊர்? எந்த ஆண்டு? விடை வராது. அப்போது மீகேயைச் சொல்லுங்கள், பெரம்பூரையும் சொல்லுங்கள். என் நண்பர் கேட்ட கேள்வியையும் அந்த மேடையிலேயே கேளுங்கள்: நம்மவனின் இரண்டு காலுக்குமான செருப்பு எங்கே?